க்வோட்டுக்குத் தமிழ்: மேற்கோளா, எனலா?

அன்புடையீர்,
ஸ்கீம் என்ற நிரல்மொழிக்கான பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் க்வோட் (quote) என்பது ஓர் ஒற்றைக் குறி; தனக்கு அடுத்து வருவதை மதிப்பிடாமல், அதாவது இயக்கி விடை காணாமல், தரவாகவே விடச் சொல்வது. அதற்கு 'மேற்கோள்' என்று போட்டிருந்தேன். வகுப்பில் அதுவே வம்பாகிவிட்டது. நிறப் பட்டியலை ஒரு மாணவி இப்படி எழுதினார்:

'(சிவப்பு 'பச்சை)

இதில் பச்சையைத் தேடினால் 'பொய்' என்றே விடை வருகிறது. இரண்டாம் உறுப்பு பச்சை அல்ல, (க்வோட் பச்சை) என்ற இன்னொரு பட்டியல். "ஒவ்வொரு சொல்லுக்கும் மேற்கோள் போட வேண்டாமா?" என்று கேட்டார். பெயரே அப்படி நினைக்க வைக்கிறது. வேறு சொல் தாருங்கள்.
— க.

---

க. அவர்களுக்கு,
'க்வோட்' என்றே விட்டுவிடாதீர்கள். மெய்யெழுத்து மொழிமுதல் ஆகாது. என் முன்மொழிவு 'எனல்'. நன்னூல் இடையியலைப் பாருங்கள்: என்று, என, ஒடு மூன்றும் ஓரிடத்தில் நின்றே, எண்ணப்படும் ஒவ்வொன்றோடும் போய்ச் சேரும். 'வினைபகை என்றிரண்டின் எச்சம்' என்ற குறளில் 'என்று' ஒன்றுதான். வினை என்று, பகை என்று என நாம் பிரித்துக்கொள்கிறோம். அடைப்புக்கு வெளியே நிற்கும் ஒற்றைக் குறியின் வேலையும் இதேதான்!

மேற்கோளுக்கோ ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. தருக்கத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசையில் அது நிறுவ வேண்டிய கூற்று. கொள் என்பது கோள் ஆனது முதனிலை திரிந்த தொழிற்பெயர். மேலாகக் கொண்டது என்று பொருள். மதிப்பிடாமல் விடுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?
— ம.

---

ம. ஐயா, நன்னூல் பொருத்தம் அழகு. ஆனால் தமிழில் 'என்று' பின்னால் வரும், இந்தக் குறி முன்னால் வருகிறதே. நான் வகுப்பில் 'அப்படியே' என்றுதான் சொல்கிறேன். மதிப்பிடாதே, அப்படியே வை. அடைப்புக்கு முன் ஒரு தடவை சொன்னால் உள்ளே இருப்பது முழுக்க அப்படியே. உள்ளே மறுபடி சொன்னால் 'அப்படியே' என்ற சொல்லும் தரவுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அந்த மாணவிக்கு நடந்தது இதுதான்.
— த.

---

அம்மா, 'அப்படியே' வினையடை. வகுப்பில் சொல்லலாம், கலைச்சொல் ஆகாது. புரிகிறது என்பதற்காகக் கிடைத்த சொல்லை எல்லாம் அகராதியில் ஏற்ற முடியுமா?
— ம.

---

புரியாத சொல்லை ஏற்றி யாருக்குப் பயன், ஐயா?
— த.

---

சரி, நாள் இல்லை. தனிமடலிலும் பலர் மேற்கோளே போதும் என்கிறார்கள். அதையே வைத்துவிட்டு, கீழே த. அவர்களின் விளக்கத்தையும் குறளையும் சேர்க்கிறேன்.
— க.

---

என் மறுப்பு இருக்கட்டும். அப்புறம், அடுத்த பாடம் க்வாசிக்வோட். அதுவும் க்வோட் போலத்தான், ஆனால் உள்ளே காற்புள்ளி போட்ட இடம் மட்டும் மதிப்பிடப்படும். அந்தக் காற்புள்ளியின் பெயரான அன்க்வோட்டுக்கு மேற்கோளிலிருந்து எப்படிச் சொல் ஆக்குவீர்கள்?
— ம.