ரோட்டரி பாலிஷர் ரொம்ப சூடாகிறது, கிரீஸ் மாற்ற வேண்டுமா?

கேள்வி: காருக்குப் பாலிஷ் போட 180 மி.மீ. ரோட்டரி பாலிஷர் (பேட் ஒரே அச்சில் சுற்றும் மெஷின்) வைத்திருக்கிறேன். ஒரு பானட் முடிப்பதற்குள் முன்பக்க கியர் பகுதியில் கை வைக்க முடியவில்லை, கரகரவென்று சத்தமும் வருகிறது. என்ன கிரீஸ் போடலாம்?

பதில்: பழைய கிரீஸ் காய்ந்து கருத்துப் போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன்பக்க ஸ்குருக்களைக் கழற்றி, எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டு முதலில் கியர் பல்லைப் பாருங்கள், மழுங்கியிருந்தால் கிரீஸ் போட்டுப் பிரயோஜனமில்லை, இரண்டு கியரையும் ஜோடியாக மாற்ற வேண்டும். பல் சரியாக இருந்தால் லித்தியம் காம்ப்ளெக்ஸ் இ.பி. 2 கிரீஸ் (இ.பி. என்றால் அதிக அழுத்தம் தாங்கும், 2 என்பது கெட்டித்தன்மை எண்), பற்கள் மூடும் அளவு போதும். அடைத்து வைத்தால் சூடு இன்னும் கூடும், சீல் வழியாகக் கசிந்து பேடில் இறங்கும், அப்புறம் பெயிண்ட் முழுக்க எண்ணெய்த் திட்டுதான்.

பதில்: கார்பன் பிரஷையும் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) பாருங்கள். உள்ளே தீப்பொறி அதிகமாகத் தெரிந்தால் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பாலிஷ் காம்பவுண்டு தூசி காற்றுத் துளையை அடைக்கும், வேலை முடிந்ததும் ஏர் அடித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. டி.ஏ. மெஷினுக்கும் (டூயல் ஆக்‌ஷன், பேட் சுற்றிக்கொண்டே ஆடும் வகை) இதேதானா?

பதில்: கியர் இல்லாத சாதாரண டி.ஏ.வில் பேரிங்குகள் சீல் செய்தவை. எண்ணெய் விடாதீர்கள், சத்தம் வந்தால் பேரிங்கையே மாற்றுங்கள்.