வீடியோ பாடம் பார்வையில்லாத மாணவிக்கும் காது கேளாத மாணவருக்கும் போய்ச் சேர என்ன செய்யலாம்?

கணக்கு டீச்சர்:
தொலைநிலைக் கல்வியில் கணிதம் நடத்துகிறேன். பலகையில் எழுதி வீடியோ எடுத்துப் போடுவேன், குறிப்புகளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்புவேன். இந்தப் பருவத்தில் பார்வையில்லாத மாணவி ஒருவரும் காது கேளாத மாணவர் ஒருவரும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனிப் பாடம் வைக்காமல், எல்லோருக்குமான பாடத்தையே அவர்களும் படிக்க வேண்டும் என்று ஆசை. எங்கே தொடங்கட்டும்?

காதால் படிப்பவன்:
டீச்சர், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை வைத்தே நான் பட்டம் முடித்தவன். மென்பொருளுக்கு முன்னால் உங்கள் பேச்சைக் கவனியுங்கள். “இதை அந்தப் பக்கம் கொண்டுபோனால் இது வரும்” என்றால் எங்களுக்கு எதுவும் வராது. “5எக்ஸை வலப்பக்கம் கொண்டுபோகிறேன், மைனஸ் 5எக்ஸ் ஆகிறது” என்று எழுதும்போதே சொல்லுங்கள். பின்னத்தில் இன்னும் கவனம் வேண்டும். “ஏ கூட்டல் பி வகுத்தல் சி” என்று கேட்டால் ஏ-யும் சேர்ந்து மேலே இருக்கிறதா, பி மட்டும்தானா? “தொகுதியில் ஏ கூட்டல் பி, பகுதியில் சி” என்றால் சந்தேகமே இல்லை. பலகையில் உள்ளது முழுக்கப் பேச்சில் வந்துவிட்டால் தனியாக ஒலி விவரிப்பு தேவைப்படாது.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க எழுத்தே இல்லை. ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்து, சமன்பாடுகளை அவற்றின் அமைப்போடு எழுத்தாகக் குறிக்கும் மேத்எம்எல் வடிவில் வலைப்பக்கமாகக் கொடுங்கள். சமன்பாட்டைப் பேச்சாக்கும் மேத்கேட் மென்பொருளின் துணையோடு என்விடிஏ அதை வாசிக்கும். அம்புக்குறி விசையால் தொகுதிக்கும் பகுதிக்கும் தனித்தனியாகப் போய்வரலாம். நேரலை வகுப்பில் நீங்கள் பகிரும் திரையும் எங்களுக்குப் படம்தான், கோப்பை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அப்புறம், அரட்டைப் பெட்டியில் யாராவது “வணக்கம்” போட்டால் திரைவாசிப்பான் அதை உங்கள் குரலுக்கு மேலேயே வாசிக்கும். பாடம் நடக்கும்போது அரட்டை வேண்டாம்.

வசனவரி:
எனக்குக் காது கேட்காது. தானாக உருவாகும் வசனவரியை அப்படியே விடாதீர்கள், கணக்குச் சொற்களில்தான் அது அதிகம் தடுமாறும். வசனவரிகள் நேரக்குறிப்போடு இருக்கும் எஸ்ஆர்டி கோப்பை இறக்கித் திருத்தி ஏற்றுங்கள். பதிவு செய்த வீடியோவுக்கு வசனவரி என்பது டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை நெறிகளில் அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே வருகிறது. பலகையின் அடிப்பகுதியை எழுதாமல் விடுங்கள், வசனவரி அங்கேதான் உட்காரும். எங்களால் பலகையையும் வசனவரியையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. ஒரு வரி எழுதியதும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

கணக்கு டீச்சர்:
இருவருக்கும் நன்றி. பழைய குறிப்புகள் பாமினி எழுத்துருவில் கோப்பாகவே இருக்கின்றன. அவற்றை அப்படியே அனுப்பலாமா?

காதால் படிப்பவன்:
வேண்டாம் டீச்சர். பாமினியில் கண்ணுக்குத்தான் தமிழ். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், திரைவாசிப்பான் அவற்றைத்தான் உளறும். மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம், எழுத்துரு மாற்றியில் போட்டால் ஒருங்குறியாகிவிடும். சமன்பாடுகளை மட்டும் அதில் போடாமல் தனியே எடுத்துவையுங்கள். என்விடிஏ இலவசம்தான், நிறுவிக்கொண்டு ஒரு பாடத்தை மானிட்டரை அணைத்துவிட்டுக் கேளுங்கள். எந்த இடத்தில் புரியாமல் போகிறதோ அதை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.