பொருள்: 7.7 × 10⁵ இல் 7.7 இன் பெயர் என்ன?

களுவாஞ்சிக்குடி, கணித ஆசிரியை:
ஒன்பதாம் தரப் பயிற்சித்தாள் நாளை அச்சுக்குப் போகிறது. சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி. விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் 7.7 × 10⁵. 5 சுட்டி, 10⁵ வலு. 7.7 க்குத்தான் பெயரில்லை. பாதிப் பிள்ளைகள் 77 × 10⁴ என்று எழுதுகிறார்கள். பெறுமானம் சரி, வடிவம் பிழை. எது 1 க்குக் குறையாமலும் 10 ஐ எட்டாமலும் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வது?

சம்மாந்துறை, ஆசிரியர்:
குணகம். அட்சரகணிதத்தில் பழகிய சொல், 3x இல் 3 ஐ அப்படித்தானே சொல்கிறோம். இதற்கு ஒரு விவாதமா?

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வேண்டும், தம்பி. குணகம் வடசொல். தமிழில் கலைச்சொல் ஆக்கிய விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து அதை எப்படி ஏற்பேன்? முகவெண் என்போம். முகம் + எண். மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வந்தது. முகமும் வடசொல் என்று கிளம்பாதீர்கள்: முகை, முகிழ், முகடு, முகப்பு, எல்லாம் ஒரு வேர் என்பாரும் உண்டு. மூவாயிரத்தை நம் முன்னோர் ௩௲ என்றே எழுதினார்கள். முன்னே மூன்று, பின்னே ஆயிரத்தின் குறி. பேரெண்களுக்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல். ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களுக்குத் தொல்காப்பியர் புணர்ச்சி விதியே சொல்லிவிட்டார். பரிபாடலும்...

மட்டக்களப்பு, பொறியியலாளர்:
ஐயா, பரிபாடல் இருக்கட்டும். பன்னிரண்டாயிரத்தை ௰௨௲ என்றும் எழுதினார்களே! பத்தை எட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு அங்கே இல்லை. இங்கே அதுதான் உயிர். இன்னொன்று: வெறும் 4500 இல் கடைசிப் பூச்சியங்கள் அளந்து வந்தவையா, இடம் நிரப்ப வந்தவையா என்று தெரியாது. 4.50 × 10³ என்றால் ஒரு பூச்சியம் அளந்தது. இந்தச் சுமையெல்லாம் தாங்குவது முன்னால் நிற்கும் எண். முன்னெண் என்றால் போதாதா?

சம்மாந்துறை:
போதாது, சேர். “7 இன் முன்னெண் 6” என்று எழுதிவிட்டு வருவான் பையன். கட்டுப்பாட்டைச் சொல்லுக்குள் திணிக்கவும் தேவையில்லை. 77 உம் குணகம்தான், ஆனால் இவ்வடிவத்துக்கு ஆகாத குணகம். விதியை வசனத்தில் சொல்லிவிடலாம்.

களுவாஞ்சிக்குடி:
சரி. குணகம் என்றே போடுகிறேன், அடைப்புக்குறிக்குள் முகவெண். அச்சகத்தார் இதற்கு மேல் காத்திருக்க மாட்டார்கள்.

மட்டக்களப்பு:
சம்மதம். அரைமனதோடு.

காரைதீவு:
அடைப்புக்குறியை நான் ஏற்கவில்லை, மகள். இருக்க வேண்டியது வெளியே. தமிழ்நாட்டில் அடுக்கு என்பதை நாம் ஏன் வலு, சுட்டி என்கிறோம் என்று நாளை எழுதுகிறேன்.