பானெட்டுக்குள்ள உருகின கப்ளர்: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

முதல்வண்டி: நேத்து திருப்பூர்ல ஒரு செகண்ட் ஹாண்ட் வண்டி பார்த்தேன். 2014 பெட்ரோல் ஹேட்ச்பேக், 71,000 ஓடியிருக்கு, 2.40 லட்சம் சொல்றாங்க. இன்ஜின் சத்தம், பாடி எல்லாம் சுத்தம். பானெட்டைத் தூக்கினா இடது ஹெட்லைட் கப்ளர் (பல்பை ஒயரோட இணைக்கிற பிளாஸ்டிக் சாக்கெட்) பழுப்பேறி, ஒரு மூலை உருகி வழிஞ்சிருக்கு. அங்கிருந்து ஃபியூஸ் பாக்ஸ் வரைக்கும் புது டேப். விக்கிறவர் "பல்பு சூடு தம்பி, வேற ஒண்ணுமில்ல"ங்கிறார். நாளைக்கு அட்வான்ஸ் கேக்குறார்.

தள்ளுவண்டி: கொடுக்காதீங்க. 2019ல இப்படித்தான் நெருப்பு பட்ட வண்டி ஒண்ணு என் தலையில கட்டினாங்க. மூணு மாசத்துல நாலு தடவை நடுரோட்டுல நின்னேன். ஒரு ஒயரை மாத்தினா அடுத்தது போகும். புது டேப்புன்னாலே எதையோ மூடுறாங்கன்னு அர்த்தம்.

டெஸ்ட்லாம்ப்: இருங்க சார். உருகியிருக்குன்னுதானே சொல்றார், எரிஞ்சிருக்குன்னு சொல்லலையே. நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஹெட்லைட் கப்ளர் உருகி வர்ற வண்டி வாரம் ஒண்ணாவது பார்க்கிறேன். கம்பெனி போட்டது 60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்) பல்பு, 12 வோல்ட்ல 5 ஆம்பியர். வெளிச்சம் பத்தலைன்னு 100/90 வாங்கி, ரிலே (பல்புக்குத் தனி ஒயர்ல கரண்ட் விடுற சுவிட்ச்) இல்லாம அதே ஒயர்ல மாட்டிடுவாங்க. அது 8 ஆம்பியருக்கு மேல இழுக்கும். கப்ளர் பின் கொஞ்சம் லூஸா இருந்தா அந்த ஒரு இடம் மட்டும் கொதிக்கும். ஃபியூஸும் போகாது, அதோட அளவைக் கரண்ட் தாண்டலையே.

தம்பி, டேப்பை ஒரு சாண் பிரிக்கச் சொல்லுங்க. வெளியிலிருந்து நெருப்பு பட்டிருந்தா ஒயர் தோல் மேல்பக்கம் கருகி, கம்பியோட ஒட்டிக்கிட்டு இருக்கும். ஷார்ட் ஆகி உள்ளே சூடானதுன்னா தோல் கம்பியை விட்டுத் தளர்ந்து சட்டைக்கை மாதிரி நழுவும், அதுவும் ஒயர் நீளத்துக்கும். கப்ளர் சூடு மட்டும்னா முனையில ரெண்டு இஞ்ச் விறைச்சுக் கிடக்கும், அதுக்குப் பின்னாடி நல்லா வளையும்.

தள்ளுவண்டி: டேப்பைப் பிரிக்க எந்த புரோக்கர் விடுவான்?

டெஸ்ட்லாம்ப்: விடலைன்னா வாங்க வேண்டாம். அந்த விஷயத்துல நானும் உங்க கட்சிதான்.

கணக்கர்: எதுக்கு இவ்வளவு பாடு? பழைய இன்சூரன்ஸ் காபி கேளுங்க. நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம்னா அஞ்சு வருஷமா கிளெய்ம் இல்லைன்னு அர்த்தம்.

தள்ளுவண்டி: அந்த போனஸ் ஓனருக்குத்தான் சார், வண்டிக்கு இல்ல. வேற வண்டியிலிருந்து கொண்டு வந்ததா இருக்கலாம். கைக்காசுல ஒட்டுப்போட்டிருந்தா எந்தப் பேப்பர்லயும் வராது. பேட்டரி தட்டைத் தூக்கிப் பாருங்க. என் வண்டியில அதுக்கு அடியில வெளிர்மஞ்சப் பொடி கட்டி பிடிச்சிருந்துச்சு. தூசின்னு நினைச்சுத் தொடைச்சு விட்டேன். அது தீயணைப்பான் பவுடர். ஈரம் பட்டு எர்த் பாயிண்டையெல்லாம் (மைனஸ் ஒயர் பாடியோட சேர்ற இடம்) அரிச்சு வச்சிருந்துச்சு.

டெஸ்ட்லாம்ப்: இது எனக்குத் தோணலை, நல்ல பாயிண்ட். ஆனா உங்களை ரோட்டுல நிறுத்தினது அந்த அரிப்பாத்தான் இருக்கணும். அதுக்காக இவர் வண்டி தலையிலயும் அதையே எழுதறதா? ஹெட்லைட்டைப் போட்டுட்டு மல்டிமீட்டர் ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை பாடி எர்த் போல்ட்லயும் வச்சுப் பாருங்க தம்பி. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல.

முதல்வண்டி: போய்ட்டு வந்துட்டேன். முனகிக்கிட்டேதான் பிரிக்க விட்டார். முனையில ரெண்டு இஞ்ச் விறைப்பு, அப்புறம் ஒயர் சாதாரணமா வளையுது. மீட்டர் 0.08 காட்டுச்சு. மஞ்சப் பொடி இல்ல. பல்பு 100/90 தான், அண்ணன் சொன்ன மாதிரியே. ஒண்ணு மட்டும் இடிக்குது. பாக்ஸ் மூடியில இடது ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர்னு போட்டிருக்கு, உள்ளே பச்சைக் கலர் ஃபியூஸ் இருக்கு.

டெஸ்ட்லாம்ப்: 10 சிவப்பா இருக்கணும். பச்சைன்னா 30. அப்போ ஃபியூஸ் போயிருக்கு, தொந்தரவு வேண்டாம்னு பெருசா மாட்டிட்டாங்க. கப்ளர் சூட்டுக்கு மட்டும் ஃபியூஸ் போகாதுன்னு நானே சொன்னேன். எங்கயோ ஷார்ட்டும் ஆகியிருக்கு. ஒரு சாண் போதாது, ஃபியூஸ் பாக்ஸைக் கழட்டி அடிப்பக்கம் பார்க்கணும்.

தள்ளுவண்டி: மொத போஸ்ட்லயே சொன்னேன். யார் கேட்டா?

முதல்வண்டி: அட்வான்ஸ் கொடுக்கலை. சனிக்கிழமை எலக்ட்ரீஷியனோட வர்றேன், பாக்ஸைக் கழட்டிப் பார்க்கணும்னு சொன்னேன். "பேட்டரியைக் கழட்டினா கடிகாரம் டைம் அழிஞ்சிடுமே தம்பி"ன்னு யோசிச்சுக்கிட்டிருக்கார்.