தோட்டம் இருந்தபோது வராத தண்ணீர் இப்போது ஏன் வீட்டுக்குள் வருகிறது?

செமினி லயத்துப்பிள்ளை:
வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவின் செமினியில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறி, இப்போது மேடு முழுக்கத் தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு. நான் வீடு வாங்கியது கீழே, பழைய லயத்துக்குப் பக்கத்தில். லயத்தில் இருந்த இருபது வருடத்தில் வாசல்வரை தண்ணீர் வந்து பார்த்ததில்லை. போன மாதம் நாலரை மணிக்குப் பிடித்த மழை, ஐந்தேகாலுக்கெல்லாம் லோங்காங் (தெரு வடிகால்) நிரம்பி வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மாவின் மெத்தையைத் தூக்கக்கூட நேரமில்லை. ஆறு மணிக்கு வடிந்தும் போனது. மழை கூடிவிட்டதா, நிலம் மாறியதாலா? மேட்டில் வேலி போட்ட குளம் ஒன்று இருக்கிறதே, அது எதற்கு?

வடிகால்காரர்:
தம்பி, முப்பது வருடம் வடிகால் வேலை பார்த்தவன் சொல்கிறேன். முக்கால் மணியில் ஏறி அடுத்த முக்கால் மணியில் வடிகிறது என்றால், முதலில் நிலத்தைத்தான் சந்தேகப்படுவேன்.

உங்கள் அப்பா காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். மரத்தடியில் சருகு மெத்தை, தரையில் படர்ந்த கொடி, சரிவில் படிவெட்டு, நிரைகளுக்கு நடுவே மண்குழி. மண் அரிக்காமல் இருக்கத்தான் அதெல்லாம் செய்தார்கள். ஆனால் மழையும் அங்கே நின்று, ஊறி, மெதுவாகத்தான் ஓடைக்கு வந்தது. இப்போது ஒரு வீட்டுக் கூரை ஆயிரம் சதுர அடி என்று வைப்போம். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு கூரையிலிருந்து மட்டும் சுமார் 4,600 லிட்டர் இறங்கும். தார்ச்சாலை, சிமெண்டு போட்ட முற்றம் எல்லாம் அப்படியே. அளவு கூடுவது ஒரு பக்கம். வேகம்தான் பெரிய வில்லங்கம்: வழவழப்பான கான்கிரீட் லோங்காங்கில் எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் கீழே வந்து சேர்கிறது.

அந்தக் குளம் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு. 2001-இலிருந்து நடப்பில் உள்ள 'மஸ்மா' வடிகால் கையேடு சொல்வது இதுதான்: தாமான் வந்த பிறகு வெளியேறும் தண்ணீரின் உச்ச ஓட்டம், வருவதற்கு முன் இருந்ததைத் தாண்டக்கூடாது. கோலாலம்பூர் ஸ்மார்ட் சுரங்கமும் இதே வேலையைப் பெரிதாகச் செய்கிறது, 9.7 கிலோமீட்டர் நீளம், 2007-இல் திறந்தார்கள். நகரத்துக்குள் குளம் வெட்ட இடமில்லாமல் பூமிக்கடியில் போனார்கள். உங்கள் ஊரில் குளம் இருக்கிறது. தூர்ந்து கிடக்கிறதா, வெளியேறும் வாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள்.

கிள்ளான் அக்கா:
ஐயா சொல்வது சரிதான், ஆனால் மழையையும் விட்டுவிடக் கூடாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் என் தங்கை வீட்டில் நெஞ்சளவு தண்ணீர். அது முக்கால் மணி நேர மழை இல்லையே?

வடிகால்காரர்:
உண்மை அம்மா. விடாமல் கொட்டினால் காட்டு மண்ணும் ஊறி நிறைந்துவிடும், அதற்குமேல் அதுவும் தண்ணீரைத் தள்ளத்தான் செய்யும். அந்த மாதிரி வெள்ளத்தை ஒரு தாமான் குளம் நிறுத்தாது. தம்பிக்கு வந்தது வேறு, சாயங்காலப் புயல்மழை. அதில்தான் சிமெண்டுக்கும் சருகுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

செமினி லயத்துப்பிள்ளை:
ஐயா, ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணனோடு போய்ப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் குளத்தில் பாதி மண், புல் இடுப்பளவு. தண்ணீர் வெளியேறும் கம்பி வலையில் ஒரு பழைய மெத்தை சிக்கியிருந்தது. படம் எடுத்திருக்கிறேன். தெருவில் பதினொரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை நகராண்மைக் கழகத்துக்கும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்கும் கொண்டுபோகிறேன். வீட்டுக்கு முன்னால் நான் போட்ட சிமெண்டில் பாதியை உடைத்துப் புல் நட அம்மா சம்மதித்துவிட்டார். ஒரு ஓரத்தில் கறிவேப்பிலை வைக்க வேண்டுமாம்.