கிண்ணத்தில் எழுந்த குமிழிகள்: ஏர்பிரஷ் பழுதும் எங்கள் அனுபவங்களும்

செங்கோட்டையிலிருந்து:

கொல்லம் – செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையில் ஓடிய பயணிகள் பெட்டி ஒன்றை 1:87 அளவில் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து வெட்டிச் செய்துகொண்டிருக்கிறேன். 1904-இல் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கிய அந்தப் பாதையில் என் தகப்பனார் கேங்மேனாக வேலை பார்த்தவர். 2010-இல் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே வண்டி நிறுத்தப்பட்டு, அகலப் பாதையாக 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அவர் இல்லை. கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தின்மேல் அவர் பார்த்த செங்கருஞ்சிவப்புப் பெட்டியைத்தான் செய்ய விரும்பினேன். ஒரு சாண் நீளமுள்ள தட்டையான பக்கச்சுவர் என்பதால், அதில் கடுகளவு வண்ணத்துளி தெறித்தாலும் தனியே கண்ணில் படும். போர் விமானத்துக்குப் பூசும் பச்சை, பழுப்புத் திட்டுகளில் மறைந்துவிடுகிற குறைகள் இங்கே மறைவதில்லை.

ஏர்பிரஷ் என்பது காற்றின் வேகத்தால் வண்ணத்தைத் தூவும், பேனா போன்ற கருவி; அதன் முனையிலுள்ள சிறு குழல்தான் நாசில், வண்ணத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி அதற்குள் ஓடும். என்னுடையது 0.3 மி.மீ. நாசில் கொண்ட, மேலே கிண்ணம் பொருத்திய, இரட்டைச் செயல் ஏர்பிரஷ். ட்ரிகரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். மூன்று ஆண்டுகள் ஒழுங்காக உழைத்தது, ஆனி மாதத்தில் ஒரு நாள் சீராகத் தூவிக்கொண்டிருக்கும்போதே நான்கைந்து விநாடிக்கு ஒரு முறை துப்பத் தொடங்கியது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து வருகிற காலம் அது. வீட்டில் உப்பு ஜாடியே நீர்விட்டுக் கிடக்கும். ஆகவே குழாயில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்று உடனே முடிவு கட்டினேன்.

அந்த முடிவு பாதி சரியாக இருந்ததுதான் எனக்குப் பதினைந்து நாள் இழப்பை உண்டாக்கியது. கம்ப்ரஸரின் தொட்டியைத் திறந்துவிட்டபோது உண்மையிலேயே தண்ணீர் கொட்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஒரு ஏர்பிரஷ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 லிட்டர் காற்றைச் செலவிடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் காற்று செலவாகிறது. 30 டிகிரி வெப்பத்தில் முழு ஈரத்துடன் இருக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். சாரல் நாளின் 90 விழுக்காட்டு ஈரப்பதத்துக்கு அது 27 கிராம். அந்தக் காற்றைத் தொட்டியில் நான்கில் ஒரு பங்காக அழுத்திக் குளிரவிட்டால், ஏழெட்டு கிராமுக்கு மேல் அதனால் ஆவியாகத் தாங்க முடியாது. எஞ்சிய நான்கு தேக்கரண்டித் தண்ணீர் தொட்டியிலோ குழாயிலோ படிந்தே ஆக வேண்டும்.

தொட்டியை வடித்த அன்று துப்பல் குறைந்ததுபோலத் தோன்றியது, மறுநாள் திரும்பவும் வந்தது. வண்ணம் கெட்டியாக இருக்கலாம் என்று மேலும் தின்னர் கலந்தேன். காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐயிலிருந்து 30-க்கு உயர்த்தினேன். நீர்த்துப்போன வண்ணம் சுவரில் சிலந்திக் கால்களைப்போல நாலாபுறமும் ஓடியது. ஊசியை மாற்றினேன், நாசிலைக் கழற்றிக் கழுவினேன், கழற்றிய ஒவ்வொரு முறையும் இம்முறை கசியக்கூடாது என்று முன்னைவிடப் பலமாக முறுக்கினேன். ஒரே நேரத்தில் மூன்று காரியங்களை மாற்றியதால், எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

கடைசியில் வண்ணத்தையே விலக்கி, கிண்ணத்தில் வெறும் தண்ணீரை ஊற்றி, ட்ரிகரைப் பின்னால் இழுக்காமல் கீழே மட்டும் அழுத்திப் பார்த்தேன். காற்று மட்டுமே முன்பக்கமாக வெளியேற வேண்டிய நிலை அது. ஆனால் கிண்ணத்தின் அடியிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக எழுந்துகொண்டிருந்தன. செங்கருஞ்சிவப்பு வண்ணம் நிறைந்திருந்த நாட்களிலும் அவை எழுந்திருக்கத்தான் வேண்டும். அந்த அடர்ந்த நிறத்தில் நான் கவனிக்கவில்லை.

கிண்ணத்தில் குமிழி எழுந்தால், வெளியே போக வேண்டிய காற்று வண்ணம் வரும் வழியாகப் பின்னேறுகிறது என்று பொருள். முகப்பு மூடியின் துளை காய்ந்த வண்ணத்தால் அடைபட்டிருக்கலாம். அல்லது நாசில் உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி இருக்கலாம். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், துளை சுத்தமாக இருந்தது. எஞ்சியது நாசில். நெல்மணி நீளம்கூட இல்லாத அந்தப் பித்தளைத் துண்டில் என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

எங்கள் தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, நாசிலைச் சிம்டாவால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே கேட்டார்: "எய்யா, இதப் போட்டு எம்புட்டு முறுக்குனிய?" மரை முடிந்து தலை தொடங்கும் இடத்தில், சுற்றளவில் பாதிக்கு, மயிரிழைபோலக் கீறல் ஓடியிருந்தது. முதல் நாள் துப்பலுக்கு ஈரக்காற்றே காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு மருந்து என்று நினைத்து நான் முறுக்கிய முறுக்கில்தான் இந்தப் புண் உண்டாயிற்று என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

புதிய நாசிலைக் கொச்சியிலிருந்து வரவழைத்தேன். அதை மாட்டும் முறையையும் அண்ணாச்சிதான் கடிகாரத் திருகாணிகளுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தார். ஊசியை முதலில் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நாசில் திரும்பும்போது ஊசி அதன் வாயைப் பிளந்துவிடும். விரலால் முறுக்கி நின்ற இடத்திலிருந்து, ஸ்பேனரால் எட்டில் ஒரு சுற்று போதும். மரையில் சிறிது தேன்மெழுகைத் தடவிக்கொண்டால், அந்த எட்டில் ஒரு சுற்றுக்கே காற்று அடைபட்டுவிடுகிறது. மாட்டியபின் மீண்டும் வெறும் தண்ணீர், மீண்டும் காற்று மட்டும். ஒரு குமிழிகூட எழவில்லை.

தொட்டி நீரை வடிப்பதையும் நான் விட்டுவிடவில்லை. கம்ப்ரஸரோடு ஒட்டியிருக்கும் வாட்டர் டிராப் (காற்றிலுள்ள நீரைப் பிடித்துவைக்கும் சிறு குப்பி) மட்டும் எங்கள் ஊர்ச் சாரலுக்குப் போதாது; காற்று அங்கே இன்னும் சூடாக இருப்பதால், நீர் அதைக் கடந்துபோய்க் குழாயில் ஆறியபிறகுதான் துளியாகிறது. ஆகவே ஏர்பிரஷின் கழுத்தருகே இரண்டாவது டிராப் ஒன்றை மாட்டியிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

செங்கோட்டை அண்ணா சொன்ன துப்பல் எனக்கும் வந்தது; ஆனால் எனக்கு வந்தது தை மாதத்தில். பாலக்காட்டுக் கணவாய் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடப்பதால், அந்த மாதங்களில் வாளையாறு பக்கமிருந்து வருகிற கிழக்குக் காற்று எங்கள் பனைமரங்களை இரவு முழுவதும் உலுக்கிக்கொண்டிருக்கும். உலர்ந்த காற்று அது. என் ஏர்பிரஷ் முதல் இரண்டு நிமிடம் நன்றாகத் தூவும், பிறகு வண்ணம் மெலியும், நின்றேவிடும், சற்று அழுத்தினால் ஒரு பெரிய துளியாகத் துப்பும், மறுபடியும் ஒழுங்காக ஓடும். கிண்ணத்தில் குமிழி ஒன்றும் இல்லை.

என் அத்தை மகன், காற்று போதவில்லை என்று சொல்லி அழுத்தத்தைக் கூட்டச் சொன்னான். கூட்டியதும் நிலைமை மோசமாயிற்று. வேகமான காற்று ஊசிமுனையில் வண்ணத்தை இன்னும் விரைவாகக் காய வைத்தது. முனையை நேரில் பார்த்தால் அங்கே சின்னத் தாடிபோல அக்ரிலிக் படிந்திருந்தது. இப்போது மூன்று வழக்கங்களை வைத்திருக்கிறேன். காற்று எழுவதற்கு முன், விடிந்ததும் வண்ணம் பூசுகிறேன். கிண்ணத்தில், வண்ணம் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் இரண்டு சொட்டு சேர்க்கிறேன். தின்னரில் நனைத்த மெல்லிய தூரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஊசிமுனையைத் துடைக்கிறேன். அழுத்தம் 15 பிஎஸ்ஐக்கு மேல் போவதில்லை.

என் கைப்பிழை இரண்டையும் சொல்ல வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மலிவாகக் கிடைக்கிறது என்று, தண்ணீரில் கரையும் ஒரு வகை அக்ரிலிக்கில் அதைக் கலந்தேன். வண்ணம் தயிராகத் திரிந்து, கிண்ணத்தின் அடியிலிருந்து நாசில் வரை இழுத்துக்கொண்டு வரும் கோந்தாக மாறிவிட்டது. ஆல்கஹாலில் கரையும் அக்ரிலிக் வேறு, தண்ணீரில் கரைவது வேறு. இரண்டையும் அக்ரிலிக் என்றே அழைப்பதால் என்னைப் போன்றவர்கள் ஏமாந்துபோகிறோம். அந்தக் கோந்தை எடுக்க அசிட்டோனில் முழு ஏர்பிரஷையும் ஓர் இரவு ஊறவைத்தது அடுத்த பிழை. கோந்து போயிற்று; ஆனால் ட்ரிகருக்குக் கீழே காற்று வால்வில் இருந்த ரப்பர் ஓ-ரிங்கும் ஊதிப் பெருத்துவிட்டது. கையை எடுத்தபிறகும் காற்று நிற்காமல் சீறியது. ஊசியைச் சுற்றியிருக்கும் வெள்ளை டெஃப்லான் வளையத்துக்கு அசிட்டோனால் கேடு இல்லை, ரப்பருக்கு உண்டு. எனவே கழற்றிய நாசிலையும் ஊசியையும் மட்டுமே இப்போது ஊறவைக்கிறேன்.

சூலூர்ப்பேட்டையிலிருந்து:

என்னுடையது சிறிய அனுபவம். ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையருகே வீடு என்பதால், பையனுக்காக 44 மீட்டர் உயரமுள்ள பிஎஸ்எல்வி ராக்கெட்டை 1:144 அளவில், 31 செ.மீ. உயரத்துக்குச் செய்தேன். அதன்மேல் கோடு இழுக்கும்போது தூவல் எப்போதும் இடப்பக்கமே சாய்ந்தது. நாசிலைத் திருப்பி மாட்டியும் சாய்வு இடப்பக்கமே இருந்தது. ஊசியைத் திருப்பி மாட்டியதும் வலப்பக்கம் போயிற்று. இதிலிருந்து குற்றம் ஊசியில் என்று தெரிந்தது. ஊசியை டிஷ்யூ காகிதத்தில் மெல்ல இழுத்தேன், தூண்டில் முள்போல இழைகளைப் பிடித்தது. கண்ணாடிமேல் முனையைப் படுக்கவைத்து, விரல் நகத்தால் தடவிக்கொண்டே உருட்டி நிமிர்த்தி, 2000-ஆம் எண் நீர்த்தாளில் (நீரில் நனைத்துத் தேய்க்கும் மிக மென்மையான உப்புத்தாள்) நீளவாக்கில் தேய்த்தேன். கோடு நேராக வந்தது. ஒரு கேள்வி, அண்ணா: கழுத்தருகே மாட்டிய டிராப் கையைச் சோர்வடையச் செய்யவில்லையா?

செங்கோட்டையிலிருந்து மீண்டும்:

தம்பி, முதல் அரை மணி நேரம் கனம் தெரியத்தான் செய்தது. அதனால் சாரல் இல்லாத மாதங்களில் அதைக் கழற்றிவிடுகிறேன். குழாய் தரையைத் தொட்டு மேலேறும்படி ஒரு வளைவைத் தாழவிட்டால், அந்தத் தாழ்வில் நீர் தங்கிவிடும் என்பதால், கோடையில் அதுவே போதும்.

கொழிஞ்சாம்பாறைத் தங்கை எழுதியதைப் படித்தபின், என் பெட்டியின் கெட்டுப்போன பக்கச்சுவரை மீண்டும் தேய்த்துப் பூசும்போது கிண்ணத்தையும் ஊசிமுனையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே பூசினேன். வலப்பக்கச் சுவர் முடிந்துவிட்டது, ஒரு துளியும் தெறிக்கவில்லை. இடப்பக்கத்துக்கு மழை சற்று ஓய்வதற்காகக் காத்திருக்கிறேன்.