டெல்லிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மரத்தரை ஓரத்தில் மூன்று நூல் இடம் விடுங்கள்

ஏப்ரலில் சென்னையிலிருந்து மாற்றலாகி துவாரகாவில் குடியேறிய தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "படுக்கையறைக்கு லேமினேட் தரை போட்டாச்சு. ஓரத்துக்குப் பட்டி அடிக்கவா, பீடிங் போதுமான்னு மிஸ்திரி கேக்கறார். எனக்கு இந்தி வராது, இந்த வேலையும் தெரியாது. என்ன சொல்லட்டும்?"

தம்பி, பட்டி என்று மிஸ்திரி சொல்வது தரை ஓரத்தில் சுவரடியில் அடிக்கிற சட்டம், பீடிங் அதைவிடச் சின்ன ஒட்டுச் சட்டம். பட்டி அடிக்கும் முன்னால் ஒன்று மட்டும் பாருங்கள். கடைசிப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்கு இடம் இருக்கிறதா? நான்கு சுவரிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியைத் தொடவே வேண்டாம். முதலில் பலகையின் ஓரத்தை அறுக்கச் சொல்லுங்கள்.

நம் ஊரில் மொசைக், டைல்ஸ், ஆத்தங்குடிக் கல் என்று வளர்ந்தவர்களுக்குத் தரை அசையும் என்பதே தோன்றாது. சென்னைக் காற்றில் வருஷம் முழுக்க ஈரம் இருப்பதால் மரமும் பெரிதாக மாறாது. டெல்லி அப்படி இல்லை. மே மாத மதியத்தில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், ஆகஸ்டில் 80-ஐத் தொடும். லேமினேட் பலகையின் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் அட்டைதான். அது ஈரத்தைக் குடித்து விரியும், வறண்டால் சுருங்கும். தரையில் ஒட்டாமல், ஒன்றோடொன்று கிளிக் ஆகி மிதந்து கிடக்கிற தரை என்பதால் அறை முழுக்க ஒரே பாயாக நகரும். மாற்றலில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் தரை போடுகிறோம். அதாவது மரம் ஒட்ட உலர்ந்து கிடக்கும்போது. அது விரிய இடம் விட்டே ஆக வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் சொல்கிறேன். மயூர் விஹாரில் வீடு வாங்கிய வருஷம், மே மாதம் தரை போட்டோம். வேலை எடுத்தவர் இடைவெளி விட்டால் அசிங்கமாகத் தெரியும் என்று பலகையைச் சுவரோடு இறுக்கி, பட்டியின் ஆணியைப் பலகைக்குள்ளேயே அடித்துவிட்டார். பார்க்க அவ்வளவு நேர்த்தி. ஆகஸ்ட் இரண்டாவது வாரம் அறைக்கு நடுவில் நடந்தால் டொப் டொப் என்று சத்தம். நாலு நாளில் அந்த இடம் பொரித்த அப்பளம் மாதிரி மேலே எழும்பி, பீரோ கதவே திறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டு ஒரு வயதான மிஸ்திரியை அழைத்து வந்தேன். அவர் எழும்பிய இடத்தைப் பார்க்கவே இல்லை. நேராக ஜன்னலோரம் போய் உட்கார்ந்து ஒரு பட்டியைக் கழற்றினார். பலகையின் விளிம்பு சுவர்ப் பூச்சை நசுக்கி உள்ளே போயிருந்தது, விளிம்பெல்லாம் வெள்ளைத் தூள். நான்கு பக்கமும் பட்டியைக் கழற்றி, ஓரத்தில் மூன்று நூல் அறுத்தெடுத்தார். இரண்டே நாளில் தரை தானாகப் படுத்துவிட்டது. ஒரு பலகைகூட மாற்றவில்லை.

மூன்று நூல் என்றேன் அல்லவா? இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தரும் வார்த்தை அதுதான். நம் ஊர் ஆசாரிகள் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். இங்கேயும் அதே கணக்குதான், பெயர் 'ஸூத்'. ஸூத் என்றாலும் நூல்தான். மூன்று ஸூத் என்றால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். "தீவார் ஸே தீன் ஸூத் சோட்கே லகானா" (சுவரிலிருந்து மூன்று நூல் விட்டுப் போடு) என்று சொல்லுங்கள், மிஸ்திரி உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும். அடுத்து 'பட்டி'. நாம் பட்டி பார்க்கிறது என்றால் பெயின்டுக்கு முன் சுவரில் பூசுவது. இங்கே அது புட்டி. பட்டி என்றால் ஓரத்தில் அடிக்கிற சட்டம். இதில் குழம்பிப் பெயின்டர் வர வேண்டிய நாளில் கார்பென்டர் வந்து நின்ற வீடுகள் உண்டு. சுவரில் திருகாணிக்கு வைக்கிற பிளக், 'கிட்டி'. மூலை சரியாக 90 டிகிரியா என்று பார்க்கிற மூலைமட்டம், 'குனியா'. இந்த நாலு வார்த்தை போதும், மிச்சத்தைக் கையால் காட்டலாம். 'பையா' என்று கூப்பிடுங்கள், வயதானவராக இருந்தால் 'மிஸ்திரி ஜீ'. வந்ததும் ஒரு டீ கொடுங்கள்.

சரி, பட்டியா பீடிங்கா என்ற கேள்விக்கு வருவோம். சுவரில் ஏற்கெனவே பழைய மார்பிள் அல்லது டைல் ஸ்கர்ட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். டெல்லியின் பழைய பிளாட்டுகளில் நாலு அங்குல உயரத்துக்குப் பெரும்பாலும் இருக்கும். அதைப் பெயர்த்தால் சுவர்ப் பூச்சும் சேர்ந்து வரும், தேவையில்லாத வேலை. அதை அப்படியே விட்டு, அதன் அடியில் கால்வட்ட வடிவ பீடிங்கை ஒட்டிவிடலாம். ஒட்டுவது கல்லில்தான், பலகையில் அல்ல. சுவர் வெறுமையாக இருந்தால் மூன்று அல்லது நாலு அங்குலப் பட்டி வாங்குங்கள். கடைக்காரர் உயரத்தையும் டிசைனையும்தான் காட்டுவார், நீங்கள் பருமனைக் கேளுங்கள். 10 மில்லிமீட்டர் இடைவெளியை 8 மில்லிமீட்டர் பட்டியால் மூட முடியாது. 12-க்குக் குறையாமல், முடிந்தால் 15 எடுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஹீட்டர் போட்டு அறை வறளும்போது பலகை கொஞ்சம் பின்வாங்கும். மெல்லிய பட்டியாக இருந்தால் அப்போது ஓரமெல்லாம் கறுப்புக் கோடு தெரியும்.

எம்.டி.எஃப் (அழுத்திய மரத்தூள் அட்டை) பட்டி விலை குறைவு, பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வீட்டு வேலைக்கு வருகிற தீதி தினமும் சொட்டச் சொட்டப் போச்சா (ஈரத்துணியால் துடைப்பது) போடுவார். அடிப்பக்கம் ஊறி ஆறு மாதத்தில் ரொட்டி மாதிரி உப்பிவிடும். கீழ்த்தள வீடானால் கரையான் வேறு. அதனால் பி.வி.சி அல்லது டபிள்யூ.பி.சி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) பட்டியைத்தான் நான் சொல்வேன். போச்சா துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைக்கச் சொல்வதும் முக்கியம், தரைக்கும் அதுதான் நல்லது.

அடிக்கும்போது ஒரே விதி: "பட்டி தீவார் மே டோக்கோ, ஃபர்ஷ் மே நஹீ". சுவரில் அடி, தரையில் அடிக்காதே. வெறும் ஆணி இங்கத்திய பூச்சில் நிற்காது, பொலபொலவென்று உதிரும். ஒன்றரை அல்லது இரண்டு அடிக்கு ஒன்றாகக் கிட்டி வைத்துத் திருகாணி போடச் சொல்லுங்கள். பிளக் பாயின்ட்டுக்கு நேர் மேலும் கீழும் துளை போட வேண்டாம், உள்ளே வயர் ஓடும். பட்டியின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடையே தெரிகிற இடுக்கை அக்ரிலிக் சீலன்ட்டால் அடையுங்கள், அதன்மேல் பெயின்ட் அடிக்கலாம். சிலிக்கோனில் பெயின்ட் பிடிக்காது. கீழ்விளிம்பில் எதையும் அடைக்கக் கூடாது. பூச்சி வரும் என்று சொல்லி அந்த இடைவெளிக்குள் சிமென்ட்டோ எம்-சீலோ திணிக்க வந்தால் தடுத்துவிடுங்கள். அப்படி அடைத்துவிட்டால் இடைவெளி விட்டும் பயனில்லை.

மூலைகளில் 45 டிகிரி என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார்கள். இங்கே எந்தச் சுவரும் சரியாக 90 டிகிரியில் நிற்பதில்லை. இரண்டு துண்டுப் பட்டியை முதலில் வெட்டி மூலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சந்து தெரிந்தால் அரை டிகிரி, ஒரு டிகிரி மாற்றிக்கொண்டு அப்புறம் நீளப் பட்டியை வெட்டலாம். நீளவாக்கில் இரண்டு பட்டி சேருகிற இடத்தையும் நேராக முட்ட விடாமல் சாய்வாக வெட்டிச் சேர்த்தால் கோடு கண்ணில் படாது.

எல்லோரும் மறப்பது வாசல்படி. படுக்கையறைத் தரை ஹாலின் டைல்ஸை முட்டுகிற இடத்திலும் அதே மூன்று நூல் வேண்டும். அதன்மேல் 'டி' வடிவ அலுமினியப் பட்டை வரும், இரண்டு பக்கமும் உயரம் வேறாக இருந்தால் சாய்வானது. அதைக் கீழே இருக்கிற சிமென்ட் தரையில்தான் திருகுவார்கள், பலகையில் அல்ல. கதவு நிலை மரமாக இருந்தால் அதன் காலைப் பலகைப் பருமனுக்கு அறுத்து, பலகையை உள்ளே சொருகச் சொல்லுங்கள். நிலையைச் சுற்றிப் பலகையை வளைத்து வெட்டிச் சீலன்ட் அப்புவது சோம்பேறி வேலை.

வாங்குவதற்குக் கீர்த்தி நகர் போங்கள், துவாரகாவிலிருந்து மெட்ரோ ப்ளூ லைனில் நேராகப் போகலாம். பட்டி எட்டு அடி நீளத்தில் வரும். 12-க்கு 10 அறையின் சுற்றளவு 44 அடி, கதவுக்கு மூன்று போனால் 41. ஐந்து பட்டி போதாது, ஆறு வாங்குங்கள். மிஞ்சுவதைப் பரணில் போட்டு வையுங்கள், அடுத்த வருஷம் அதே நிறம் கிடைக்காது. கூலியை ரன்னிங் ஃபுட் (ஓர் அடி நீளத்துக்கு இவ்வளவு) கணக்கில் முன்கூட்டியே பேசுங்கள், மூலை வெட்டும் கிட்டியும் அதில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன் முடித்துவிட வேண்டும். அது தாண்டினால் சத் பூஜைப் பண்டிகைக்குப் பீகார்க்கார மிஸ்திரிகள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

ஆர்.கே.புரத்து அக்கா ஒருவர் வாடகை வீட்டுக்குக் கேட்டிருந்தார். அக்கா, சுவரில் துளை போட ஓனர் சம்மதிக்க மாட்டார் என்றால் லேசான பி.வி.சி பட்டியை இரட்டைப் பக்க டேப்பால் சுவரில் ஒட்டலாம். பூச்சில் தூசியில்லாமல் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். மழைக்காலத்தில் அங்கங்கே விட்டுப்போகும், மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும்.

தம்பி, நாளைக்கு மிஸ்திரி வந்ததும் ஓரத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி நான்கு சுவரையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். பட்டி அடிக்கும் முன் நான் பார்த்துச் சொல்கிறேன்.